வடிகட்டிய தண்ணீர்

எங்கள் வீட்டில் தண்ணீரை வடிகட்டாமல் யாரும் குடிப்பதில்லை. நகராட்சிக் குழாய்த் தண்ணீரானாலும் சரி, கிணற்றுத் தண்ணீரானாலும் சரி, வெள்ளைப் பருத்தித் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி, அதன் வழியாக ஊற்றித்தான் எடுப்போம். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கூட நம் வயிற்றுக்குள் போய்ச் சாகக் கூடாது. வடிகட்டி முடித்ததும் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட முடியாது. வடித்த தண்ணீரிலேயே அதைத் திருப்பி அலசி, அந்த அலசிய நீரை வாளியில் இறக்கிக் கிணற்றில் மெதுவாக விட வேண்டும். துணியில் தங்கிய உயிர்கள் வந்த இடத்துக்கே போய்ச் சேர வேண்டும் அல்லவா. முப்பது வருஷமாக ஒரு நாள் தவறாமல் இதைச் செய்திருக்கிறேன். எங்கள் சமண நயினார் வீடுகள் எல்லாவற்றிலும் இப்போது இப்படி நடக்கிறதா என்றால், இல்லை. சுவரில் ஒரு மெஷினை மாட்டிவிட்டு அதுவே போதும் என்று இருக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் அந்தத் துணியைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள், மேடம். மோர் வடித்த துணி என்றேன். அது பொய். அதைத் தவிர நான் சொன்ன மற்றவை பெரும்பாலும் உண்மைதான். பேசச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் குறுக்கே கேள்வி கேட்கிறார்கள், எனக்கு வரிசை குழம்புகிறது. அதனால்தான் பேப்பரும் பேனாவும் கேட்டேன். கொடுத்ததற்கு நன்றி.

என் பெயர் ஜினமதி. வயது ஐம்பத்திரண்டு. கணவர் புஷ்பதந்தன், திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருக்கிறார். மண்ணுக்கு அடியில் விளைகிற கிழங்கு எதையும் நாங்கள் தொடமாட்டோம். மல்லாட்டை மட்டும் கிழங்கில்லை என்று எங்கள் முன்னோர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் என்ன தொழில் செய்திருப்பாரோ தெரியாது. எங்களுக்கு ஒரே பெண். பிராமி. இருபத்தாறு வயது. இங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள்.

அவளுடைய முகத்தை நீங்கள் பார்த்தீர்கள். ஆனால் நீங்கள் பார்த்தது கடைசியாக இருந்த முகம். ஆவணி மாதம் பெண் பார்க்க வந்தபோது இருந்த முகம் வேறு. அது அப்படியே என்னுடையது. அகன்ற தாடை, மேலுதட்டில் பூனைமுடி, தாடையின் இடது பக்கம் மிளகளவு மரு, மாநிறத்துக்கும் ஒரு படி கீழே நிறம். அவள் அப்பாவின் ஜாடை நகத்தில்கூட இல்லை. குழந்தையைக் கையில் வாங்கிய அன்றே என் மாமியார் அதைச் சொல்லிவிட்டார்.

பிள்ளை வீட்டார் விழுப்புரம். பையன் ஜிதேந்திரன், பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். நல்ல குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்கள், எல்லாம் பொருந்தி வந்தது. பிராமி காபித் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். பையனின் தங்கை ப்ரியதர்ஷினி அவளைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "போட்டோல இன்னும் கலரா இருந்தீங்களே அண்ணி" என்றாள். வெகுளியான பெண், மனதில் ஒன்றும் கிடையாது. எல்லாரும் சிரித்தார்கள். பிராமியும்தான் சிரித்தாள். "அது போட்டோ எடுத்தவரு புண்ணியம்" என்று வேறு சொன்னாள்.

நான் சிரிக்கவில்லை. என் கல்யாணத்தில் விழுப்புரத்து ஸ்டுடியோக்காரர் என் முகத்தைக் கை வேலை செய்து வெளுப்பாக்கி ஆல்பம் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் என் மாமியார் அந்த ஆல்பத்தை விரித்து வைத்து, "போட்டோல மட்டும்தான் இப்படி" என்பார். நான் காபி கலந்து கொண்டு வந்து வைக்கும்போது வந்தவர்கள் ஒரு தடவை ஆல்பத்தையும் ஒரு தடவை என்னையும் பார்ப்பார்கள். மாமியார் செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. அந்த ஆல்பம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் என் மகளை யாரும் அப்படி மாற்றி மாற்றிப் பார்க்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எந்தத் தாயும் அப்படித்தான் நினைப்பாள்.

தை மாதம் முகூர்த்தம் குறித்தார்கள். முழுதாக ஐந்து மாதம் இருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி மாதவாரியாக எழுதினேன். அது இப்போது உங்களிடம் இருக்கிறது. என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். ஆவணியில் மரு எடுப்பது. புரட்டாசியில் லேசர் வைத்து மீசை முடியைப் போக்குவது. அதற்கு நாலைந்து முறை போக வேண்டும். ஐப்பசியில் முகத்தோலை மருந்து வைத்து உரிப்பது. நடுவில் பல் சுத்தம். எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு மையில் எட்டுக் கிலோ என்று எழுதினேன். கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போனபோது டெய்லர் சின்னதுரையிடம், "இப்ப இருக்கிற அளவு வேணாம், ரெண்டு இன்ச்சு கொறச்சு வெட்டு" என்றேன்.

"பாப்பா உடம்புக்கு அது ஏறாதுக்கா. அப்புறம் கல்யாணத்தன்னிக்கு பேஜாராயிடும்" என்றார் அவர்.

"ஏறும், நீ தையி."

சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து விழுப்புரம் போவோம். அங்கே தோலுக்குப் பார்க்கிற வெண்ணிலா டாக்டர் நல்ல டாக்டர்தான். சும்மா வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி போட்டு அனுப்புகிற ஆளில்லை. மருவை எடுத்தார், லேசரை ஆரம்பித்தார், ஒரு முறை தோல் உரித்தார். வெள்ளையாக்குகிற டிரிப் போடச் சொல்லிக் கேட்டபோது முடியாது என்றுவிட்டார். "இது வியாதி இல்லீங்கம்மா, கலரு. வெயில்ல போகாம க்ரீம் தடவிக்கினு வந்தா போதும். அவங்க அழகாத்தான் இருக்காங்க" என்றார். டாக்டர் பேச்சை நான் மீறவில்லை. கண்ட பார்லருக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் முகத்தை வேக வைத்துக்கொண்டு வரவில்லை. அப்படிச் செய்கிற தாய்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை.

உடம்பு மட்டும் குறையவில்லை. காலையில் நடக்கச் சொன்னேன், நடந்தாள். இட்லியை இரண்டாகக் குறைத்தேன். ஆனால் அவள் அப்பா மண்டியிலிருந்து வரும்போது மல்லாட்டை உருண்டை வாங்கிக்கொண்டு வருவார். இரண்டு பேருமாகப் பின்கட்டில் உட்கார்ந்து ஏதோ திருட்டு மாங்காய் தின்கிற பிள்ளைகள் மாதிரி தின்பார்கள். கேட்டால் "கட்டிக்கினு போனா கெடைக்குமாப்பா அம்மா வீட்டு உருண்டை" என்று அவரைப் பார்த்துச் சொல்லி என்னைக் கேலி செய்வாள். புரட்டாசி பாதியில் ஒன்றரைக் கிலோதான் குறைந்திருந்தது.

எனக்குப் பதினோரு வருஷமாகத் தைராய்டு குறைவு. தினம் காலையில் ஒரு மாத்திரை. ஆரம்பத்தில் ஒரு டாக்டர் அளவு கூட எழுதிவிட்டார். இரண்டே மாதத்தில் நான் துரும்பாக இளைத்துவிட்டேன். பிறகு வேறொருவர் பார்த்துப் பயந்துபோய்க் குறைத்தார். அந்த இரண்டு மாதம்தான் என் வாழ்க்கையில் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "ஆல்பத்துல இருக்கிற மாதிரி இருக்கியே" என்று சொன்ன காலம். அது எனக்கு நினைவிருந்தது.

பிராமிக்கு அந்த வியாதி கிடையாது. மாத்திரை வேண்டாம் என்பாள் என்பதால் அவளிடம் சொல்லவில்லை. காலையில் வெறும் வயிற்றில் அவள் சீரகத் தண்ணீர் குடிப்பாள். மாத்திரையை அம்மியில் நுணுக்கி அதில் கலந்தேன். கலந்த பிறகு, எல்லாத் தண்ணீரையும் வடிகட்டுவது போல அதையும் துணியில் வடிகட்டிக் கொடுத்தேன். அதை நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. வடிகட்டாத ஒன்றை அவள் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

முதல் மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. மாத்திரைக்கு வீரியம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டினேன். பிறகும் கூட்டினேன். பொடியில் முக்கால்வாசியைத் துணியே பிடித்துக்கொண்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

ஐப்பசி பாதியில் உடம்பு இறங்க ஆரம்பித்தது. மளமளவென்று இறங்கியது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் கல்யாணக் களை வந்துவிட்டது என்றார்கள். தாடை எலும்பு தெரிந்தது. கண் பெரிதாகத் தெரிந்தது. என்னிடமிருந்து அவள் கொஞ்சம் கொஞ்சமாக விலகி வேறு ஒருத்தியாக ஆகிக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன்னால் அவள் தலை வாரும்போது நான் பின்னால் நின்று பார்ப்பேன். கண்ணாடியில் இரண்டு முகம் தெரியும். ஆவணியில் இரண்டும் ஒன்றாக இருந்தன, இப்போது இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, மேடம். அதை மறைக்க விரும்பவில்லை.

அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் அப்போதுதான். போர்டில் எழுதும்போது சாக்பீஸ் விழுகிறது என்றாள். மழைக்காலத்திலும் வேர்த்துக் கொட்டியது. படுத்தால் தூக்கம் வரவில்லை. அவள் அப்பா, "அட்டமி சதுர்த்தசி ரெண்டுக்கும் ஒரு வேளை சோறு, அதுவும் கல்யாண வேலைல. நோன்ப கொஞ்சம் நிறுத்தும்மா" என்றார். பிராமிக்குப் பதினேழு வயதில் ஒரு முனிவர் ஊருக்கு வந்திருந்தபோது, அவர் முன்னால் தானாகவே போய் நின்று, சூரியன் மறைந்த பிறகு தண்ணீர்கூட வாயில் படாது என்று விரதம் எடுத்துக்கொண்டாள். எனக்கே அந்த அளவுக்குக் கட்டுப்பாடு கிடையாது. நான் இருட்டிய பிறகு தண்ணீர் குடிப்பேன். ஆகவே நடுக்கத்துக்குக் காரணம் நோன்புதான் என்று அவர் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை.

கார்த்திகை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜிதேந்திரன் தனியாக வந்தான். கண்டமங்கலத்தில் யாரோ நண்பர் வீட்டுக்கு வந்தவன் அப்படியே பைக்கில் வந்துவிட்டதாகச் சொன்னான். கண்டமங்கலத்துக்கும் திண்டிவனத்துக்கும் என்ன பக்கமா, பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாதா. பிராமியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. அவள் உள்ளே டிபன் எடுக்கப் போனபோது என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"இன்னா அத்தை, இப்படி எளச்சிப் போய்க்கினு இருக்காங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கல்யாணப் பொண்ணுன்னா அப்படித்தான் தம்பி."

"தர்ஷினி அன்னிக்கு ஏதோ சொல்லிடுச்சு. அதுக்காகன்னா வேணாம் அத்தை. எனக்கு ஆவணில பாத்தேனே, அந்த மொகம்தான் புடிச்சிது. அப்படியே இருந்தா போதும்."

அவனுக்கு இன்னும் இரண்டு பூரி வைத்தேன். எல்லா மாப்பிள்ளையும் கல்யாணத்துக்கு முன்னால் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் யாரும் அப்படிப் பேசவில்லை என்பதும் நினைவு வந்தது. அந்த முகம்தான் பிடித்தது என்று ஒருவன் வாயைத் திறந்து சொல்கிறான். அவன் போன பிறகு வெகுநேரம் நான் சமையலறையிலேயே நின்றேன். எனக்குப் பொறாமையாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வீர்கள். அதனால் எழுதவில்லை. மறுநாள் காலை மாத்திரையை எப்போதும் போலத்தான் கலந்தேன். எப்போதையும்விடக் கொஞ்சம் கூட.

அடுத்த சனிக்கிழமை விழுப்புரம் போனோம். வெண்ணிலா டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று ஆடியது. நாடியைப் பிடித்துப் பார்த்தார். லேசரை நிறுத்திவிட்டு, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதி, "இன்னிக்கே குடுத்துட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க" என்று என் கையில் கொடுத்தார். சீட்டில் தைராய்டு என்று எழுதியிருந்தது. மடித்து நோட்டுக்குள் வைத்தேன். அதை நீங்கள் பதினெட்டாம் பக்கத்தில் எடுத்திருப்பீர்கள். வெண்ணிலா டாக்டர் தானாக உங்களிடம் வந்து அதைச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாக வெள்ளரிப்பிஞ்சு நீட்டினார்கள். பிராமி வாங்கித் தின்றுகொண்டே, "ரத்தம் எடுக்கணும்னு சொன்னாங்களேம்மா?" என்றாள்.

"அது கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்தா போதுமாம்."

சரி என்றாள். நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சுக் கிடையாது. அப்படித்தான் வளர்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் தோளில் சாய்ந்துகொண்டு, "போதும்மா இதெல்லாம். எனக்கு என் பழைய மொகமே போதும். உன் மொகம்தானே அது" என்றாள்.

"அதான்" என்றேன்.

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தூங்கிவிட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் விழுப்புரம் போகவில்லை.

பிறகு புயல் மழை பிடித்துக்கொண்டது, உங்களுக்கே தெரியும். ஐந்து நாள் சூரியன் கண்ணில் படவில்லை. வீடெல்லாம் ஈரத்துணி நாற்றம். வடிகட்டுகிற துணிகள் மூன்று வைத்திருப்பேன், மூன்றும் காயவில்லை. பூஞ்சை பிடித்த துணியில் வடிகட்டினால் அதிலும் உயிர் சாகும். குடிநீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். பிராமியின் சீரகத் தண்ணீருக்கு மட்டும் டீ வடிகட்டியை எடுத்தேன். சீரகம் மேலே நின்றது, மற்றதெல்லாம் இறங்கியது. நான்கு காலை அப்படிக் கொடுத்தேன். அளவைக் குறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

மறுநாள் காலை கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுப்பதாக ஏற்பாடு. மழை என்பதால் தள்ளி வைக்கலாமா என்று கேட்டதற்கு, போட்டோக்காரர் அலெக்ஸ், "மேகம் போட்டா மொகத்துக்கு நல்ல லைட்டு ஆன்ட்டி, ஜல்தியா முடிச்சிடலாம்" என்றார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கே என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு, மண்டியில் மூட்டைகளின் மேல் தார்ப்பாய் சரியாக இருக்கிறதா பார்க்கக் கிளம்பினார். பிராமி சாப்பிடவில்லை, குமட்டுகிறது என்று படுத்திருந்தாள். ஐந்தரை மணிக்குக் கூப்பிட்டாள்.

"அம்மா, நெஞ்சு குதிக்குதும்மா."

போய்த் தொட்டுப் பார்த்தேன். கழுத்து நரம்பு தெறித்துக்கொண்டிருந்தது. உடம்பு அனலாக இருந்தது. "அப்பாவ வரச் சொல்லும்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். அரசு ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். போன் என் இடுப்பிலேயே செருகியிருந்தது.

நான் அவள் கையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முதலில் புறங்கையில் ஊசி ஏற்றுவார்கள். எனக்கு ஏற்றியபோது நீலம் கன்றிப் பதினைந்து நாள் மாறவில்லை. விடிந்தால் போட்டோ. மூக்கில் குழாய் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினால் உரித்த தோல் அதோடு வந்துவிடும். ரத்தமும் எடுப்பார்கள். ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும், பிள்ளை வீட்டார் காதுக்குப் போய்விடும், இத்தனை மாத வேலை வீண். இதையெல்லாம் நிதானமாகத்தான் நினைத்தேன். பதறவில்லை.

"கொஞ்சம் கண்ண மூடிக்கினு படு, சரியாயிடும்" என்றேன்.

"தண்ணியாவது குடும்மா. பொழுது போயிடிச்சா?"

அந்த நிலையிலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் குடிப்பாள். ஜன்னலுக்கு வெளியே ஒரே சாம்பல் நிறம், பொழுது இருக்கிறதா போய்விட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. சுவரில் கடிகாரம் ஐந்து முப்பத்தைந்து காட்டியது. காலண்டரில் அன்றைய அஸ்தமனம் ஐந்து நாற்பது. சாயங்காலத்தில் தண்ணீர் குடித்துப் படுத்தால் காலையில் அவளுக்கு முகம் உப்பிக்கொள்ளும், கண்ணுக்குக் கீழே பை கட்டும்.

"போயிடிச்சும்மா" என்றேன்.

சரி என்று உதட்டை நக்கிக்கொண்டாள். நான் பன்னீரில் பஞ்சை நனைத்து அவள் முகத்தைத் துடைத்தேன். நெற்றி, கன்னம், தாடை. மரு இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. அங்கே ஒரு மரு இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. இரண்டு தடவை அம்மா என்றாள். மூன்றாவது தடவை சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. ஆறு மணிக்கு அவள் அப்பா போன் செய்து, "புள்ள எதுனா சாப்ட்டுச்சா?" என்று கேட்டார். தூங்குகிறாள் என்றேன். அவள் தூங்கவில்லை. கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஆறே முக்காலுக்கு வரும்வரை துடைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு எப்போது நின்றது என்று கேட்டீர்கள். ஆறு இருபதுக்கு.

ஆகவே நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். அந்த மாத்திரை அவளுக்குத் தேவையில்லை என்று தெரிந்தே கொடுத்தேன். டாக்டர் கொடுத்த சீட்டை மறைத்தேன். பிழைக்க வைக்கப் பத்து நிமிஷ தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தது, கையில் போன் இருந்தது, ஐம்பது நிமிஷம் இருந்தது. நான் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரருக்கு இதில் எதுவும் தெரியாது. அவரை விட்டுவிடுங்கள். மண்டிக்குப் போகாமல் மல்லாட்டை உருண்டைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னார்கள்.

கல்யாணமாகாத பெண் என்பதால் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, கல்யாணப் பெண்ணாக அலங்கரித்துத்தான் கிடத்தினார்கள். சின்னதுரை தைத்த ரவிக்கையைப் பீரோவிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஏறாது என்றவர் அவர். எங்கேயும் பிடிக்கவில்லை, தளர்வும் இல்லை, அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. ஜிதேந்திரன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ப்ரியதர்ஷினி வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அவளைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"போட்டோல இருந்த மாதிரியே இருக்காங்க அத்தை" என்றாள்.

ஏன் செய்தேன் என்று மூன்று தடவை கேட்டீர்கள். எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. தூக்கம் வருகிறதா என்று நேற்று உங்கள் கான்ஸ்டபிள் பெண் அக்கறையாகக் கேட்டாள். வரவில்லை என்றேன், அது உண்மை. மழைக்கு முன்னால் அத்தனை நாளும் அந்தத் துணியை அலசிய தண்ணீரைக் கிணற்றில்தானே விட்டேன். துணி பிடித்து வைத்திருந்த மாத்திரைப் பொடி அதோடு இறங்கியிருக்கும். அதில் எத்தனை உயிர் இருந்ததோ, என்ன ஆனதோ. வாயில்லாத ஜீவன்கள், அவற்றுக்கு என்ன தெரியும். யாரையாவது அனுப்பி அந்தக் கிணற்றைப் பார்க்கச் சொல்லுங்கள், மேடம். யோசித்துப் பார்த்தால், நான் செய்த பாவம் என்று அது ஒன்றுதான் இருக்கிறது.